பெயர் எழுத மறுக்கும் இசைக்கோப்புகள்



நூலகம் ஒன்றில் பதினாயிரம் நூல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓரிரவில் யாரோ புகுந்து, அத்தனை நூல்களின் மேலட்டைகளையும் பெயர்ப்பக்கங்களையும் கிழித்தெறிந்துவிட்டால் என்னவாகும்? நூல்கள் அங்கேயே இருக்கும். உட்பொருளில் ஓரெழுத்தும் குறைந்திராது. ஆயினும் நமக்கு வேண்டிய நூலை அங்கே தேடி எடுத்தல் இயலாது. பெயர் தெரியாத பொருள் இருந்தும் இல்லாததே ஆகும்.

இசைக்கும் இன்று இந்நிலை நேர்ந்துள்ளது. கிராமபோன் இசைத்தட்டுகள் வழங்கிய காலத்தில் ஒரு வீட்டில் இருபது முப்பது தட்டுகள் இருந்தால் அதுவே பெருஞ்செல்வம். தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத்தாளில் பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். இன்றோ கட்டைவிரல் அளவுள்ள பென் டிரைவ் ஒன்றில் ஆயிரக்கணக்கான பாட்டுகள் அடங்குகின்றன. வினாடிக்கு 128 கிலோபிட் என்னும் அளவில் பதிந்த இசை, நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட் இடத்தையே கொள்ளும். ஐந்து நிமிடப் பாட்டுகளாகக் கணக்கிட்டால், 32 கிகாபைட் கொள்ளும் குச்சியில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகளை வைக்கலாம். அவற்றுக்கு நடுவட்டம் ஏது? தாள் ஒட்டுவது எங்கே? இக்குறையைத் தீர்க்கவே கோப்பின் உள்ளேயே ஒரு பெயர்ச்சீட்டை எழுதி வைக்கும் வழியைக் கண்டனர். கணினி உலகில் அதனை ‘டேக்’ என்பர். நாம் பெயர்ச்சீட்டு என்றே வழங்குவோம்.

அந்தப் பெயர்ச்சீட்டு சில வேளைகளில் நாம் எழுதுவதை ஏற்க மறுக்கும். அது ஏன், அதனைத் தீர்ப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சு.

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய பாட்டி தாலாட்டும் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பாடுவதில் வல்லவர். தாய்மாமன் அப்பாட்டுகளை ஒலிநாடாவில் பதிந்து, பின்னர்க் கணினிக்கு மாற்றி வைத்திருந்தார். மொத்தம் 62 கோப்புகள். எல்லாவற்றுக்கும் ‘டிராக் 1’, ‘டிராக் 2’ என்பனவே பெயர்கள். பாட்டி மறைந்துவிட்டார், மாமனும் மறைந்துவிட்டார். பாட்டியுடன் வயலில் நடவு நட்ட மூதாட்டி ஒருவர் மட்டுமே இருந்தார். எந்தப் பாட்டு எப்பொழுது பாடுவது, முன்பாட்டு எடுத்தவர் யார், பின்பாட்டுப் பாடியவர் யார் என்பதெல்லாம் அவர் ஒருவருக்கே தெரியும். மாணவர் கணினியை எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தார். மூதாட்டி கேட்டுச் சொல்லச் சொல்ல, பெயர்களைக் கோப்புகளில் எழுத முற்பட்டார்.

இருபது கோப்புகள் பணிந்தன. மற்றவை பலவாறு முரண்டு பிடித்தன. சிலவற்றில் எழுதுவதற்குரிய கட்டமே மங்கிக் கிடந்தது. சில, எழுத விட்டன. சேமிக்கும்போது ‘அனுமதி இல்லை’ என்றன. சில, சேமித்துவிட்டதாகக் கூறின. மீண்டும் திறந்தால் பழைய ‘டிராக் 7’ என்பதையே காட்டின. இன்னும் சிலவற்றில், எழுதிய தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறி நின்றது. மாணவர் மனம் சலித்து வேலையை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

“மூதாட்டிக்கு வயது என்ன?” என்று நான் கேட்டேன்.

“எண்பத்தாறு, ஐயா” என்றார் அவர்.

“அப்படியானால் கணினியை என்னிடம் வைத்துவிட்டு, நீ ஒரு குறிப்பேட்டுடன் இன்றே ஊருக்குத் திரும்பு. கோப்பின் எண்ணைப் போட்டு, அதற்கு நேரே அவர் சொல்வதை எழுதிக்கொள். பாட்டுகளை உன் கைப்பேசியில் போட்டுக் காட்டினால் போதும். கணினியின் நோய் காத்திருக்கும்” என்று சொல்லி அனுப்பினேன். அதன் பின்னரே நோயை ஆராயத் தொடங்கினேன்.

நோயை அறிய வேண்டுமானால் உடலின் அமைப்பை முதலில் அறிய வேண்டும். எம்.பி.3 என்பது மிகப் பரவலாக வழங்கும் இசைக்கோப்பு வகை. ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வுநிலையத்தைச் சேர்ந்தோர் அதனை உருவாக்கியதில் பெரும்பங்கு கொண்டனர். அதன் பன்னாட்டுத் தரநூல் 1993ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒலியைச் சுருக்குவது எவ்வாறு, விரிப்பது எவ்வாறு என்பதையெல்லாம் அந்நூல் நுணுக்கமாக வகுத்தது. ஆனால் பாட்டின் பெயரை எழுத ஓர் இடத்தையும் அது ஒதுக்கவில்லை. வீட்டைக் கட்டியவர்கள் வாயிலில் பெயர்ப்பலகை மாட்ட ஆணி அடிக்க மறந்தது போன்றது இது.

அக்குறையை நிரப்ப 1996ஆம் ஆண்டில் எரிக் கெம்ப் என்பவர் ஒரு வழி கண்டார். அதற்கு ஐ.டி.3 என்று பெயர். கோப்பின் கடைசியில் 128 பைட்டுகளை அவர் சேர்த்தார். முதல் மூன்றில் ‘டேக்’ என்னும் சொல்லின் மூன்று ஆங்கில எழுத்துகள். பாட்டின் பெயருக்கு 30, பாடியவருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புரைக்கு 30, இசைவகையைக் காட்டும் எண்ணுக்கு 1. கூட்டிப் பாருங்கள், 128 வரும். கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இச்சீட்டை அறியாத பழைய கருவிகள், பாட்டு முழுவதையும் வாசித்து முடித்த பின்னரே அவ்விடத்திற்கு வரும். ஆதலால் இசைக்கு இடையூறு நேராது. இது எளிய வழிதான். ஆனால் குறுகிய வழி. முப்பது பைட்டுக்கு மேற்பட்ட பெயர் நடுவிலே வெட்டுண்டு போகும்.

ஆகவே 1998ஆம் ஆண்டில் இரண்டாம் வகைச் சீட்டு தோன்றியது. இது கோப்பின் தலைப்பில் அமர்வது. ஐ, டி, 3 என்னும் குறிகளுடன் தொடங்கும் 10 பைட்டுத் தலைப்புரை முதலில் வரும். அதன்பின் பெயருக்கு ஒரு பெட்டி, பாடியவருக்கு ஒரு பெட்டி, அட்டைப் படத்திற்கு ஒரு பெட்டி என்று வேண்டிய அளவில் பெட்டிகள் தொடரும். இதன் 2.3 என்னும் பதிப்பு 1999ஆம் ஆண்டிலும், 2.4 என்னும் பதிப்பு 2000ஆம் ஆண்டிலும் வந்தன. ஒரே கோப்பில் தலையில் ஒரு சீட்டும் வாலில் ஒரு சீட்டும் இருக்கலாம் என்பதை மட்டும் இப்பொழுது மனத்திற் கொள்ளுங்கள். பின்னர் அது நமக்கு உதவும்.

எம்.பி.3 அல்லாத பிற வகைகளும் உள்ளன. ஃபிளாக், ஆக் என்பவை ‘வோர்பிஸ் குறிப்புரை’ என்னும் முறையைக் கையாள்கின்றன. எம்.4.ஏ. என்பதற்கு வேறொரு முறை. 1991ஆம் ஆண்டு முதல் வழங்கும் வேவ் என்பது ஒலியைச் சுருக்காமல் வைப்பதற்கென்று எழுந்தது. அதில் பெயர் எழுதும் வசதி இருந்தாலும் எல்லா மென்பொருள்களும் அதனை ஒன்றுபோல் மதிப்பதில்லை.

இனி நோய்களைக் காண்போம். ஆனால் அதற்கு முன் ஒரு விதி. எந்த மருத்துவமும் செய்யுமுன், கோப்பை நகலெடுத்து வேறொரு வட்டில் பத்திரமாக வையுங்கள். தலைப்பில் உள்ள சீட்டு நீளும்போது கோப்பு முழுவதையுமே பின்னுக்குத் தள்ளி எழுத நேரிடும். அடிக்கடி அவ்வாறு நேராதிருக்கச் சீட்டின் முடிவில் வெற்றிடம் சிறிது விட்டு வைப்பர். எனினும் அது போதாமற் போகலாம். எழுதும் நடுவில் மின்சாரம் நின்றாலோ, வட்டில் இடம் தீர்ந்தாலோ பாட்டே பழுதாகிவிடக் கூடும். மறைந்தவரின் குரல் மறுமுறை கிடைக்காது அன்றோ?

முதல் நோய், எழுதும் கட்டமே மங்கிக் கிடப்பது. விண்டோஸ் கணினியில் கோப்பின் மேல் வலப்பொத்தானை அழுத்தி, ‘பிராபர்ட்டீஸ்’ என்னும் பண்புப் பலகையைத் திறந்து, ‘டீடெய்ல்ஸ்’ பகுதியில் எழுத முயல்வது பலரும் கையாளும் வழி. வேவ் போன்ற கோப்புகளுக்கு அப்பலகை பெரும்பாலும் எழுத இடம் தருவதில்லை. இங்கே கோப்பில் குற்றமில்லை, பேனாவிலேதான் குறை. பெயர்ச்சீட்டு எழுதுவதற்கென்றே அமைந்த எம்.பி.3டேக், கிட்3, மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்டு முதலிய மென்பொருள்களுள் ஒன்றைக் கொண்டு முயலலாம். பெயர்ச்சீட்டு மிகவும் இன்றியமையாததாயின், வேவ் கோப்பை ஃபிளாக் வகைக்கு மாற்றிக்கொள்வது நன்று. ஃபிளாக் ஒலியைச் சிறிதும் இழவாமற் சுருக்குவது. அதில் பெயர்களை விரிவாக எழுதலாம்.

கட்டம் மங்குவதற்கு மற்றொரு காரணம் ஆள்மாறாட்டம். கோப்பின் பெயர் ‘.எம்.பி.3’ என்று முடியும். ஆனால் உள்ளே இருப்பது வேறு வகை. இணையத்தில் ஒளிப்படத்திலிருந்து ஒலியைப் பிரித்துத் தரும் நிலையங்களிலிருந்து பெற்ற கோப்புகளில் இது அடிக்கடி நிகழ்கிறது. இசைக்கும் மென்பொருள் உள்ளே பார்த்து எப்படியோ இசைத்துவிடும். எழுதும் மென்பொருளோ வெளிப்பெயரை நம்பிச் சென்று திகைத்து நிற்கும். உண்மையை அறிவது எளிது. கோப்பின் முதற் பைட்டுகளைக் காட்டும் மென்பொருள் ஒன்றில் அதைத் திறந்து பாருங்கள். ஐ, டி, 3 என்று தொடங்கினால் பெரும்பாலும் எம்.பி.3 தான். ஆர், ஐ, எஃப், எஃப் என்னும் எழுத்துகள் வேவ் கோப்பின் முகவரி. ஓ, ஜி, ஜி, எஸ் என்பவை ஆக் கோப்பின் அடையாளம். நான்கு பைட்டுகளைத் தாண்டி எஃப், டி, ஒய், பி என்னும் எழுத்துகள் தோன்றினால் அது எம்.4.ஏ. குடும்பத்தைச் சேர்ந்தது. அவ்வாறாயின் வெளிப்பெயரைத் திருத்தினாலே நோய் தீரும்.

இரண்டாம் நோய், சேமிக்க மறுப்பது. இதற்குக் காரணங்கள் மிகுதி.

மிக எளிய காரணத்தை முதலில் பார்க்க வேண்டும். அக்கோப்பை வேறொரு மென்பொருள் அந்நேரத்தில் திறந்து வைத்திருக்கலாம். ஒருவர் ஏட்டைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கையில் மற்றொருவர் அதில் எழுத முடியுமா? விண்டோஸில் ஒரு மென்பொருள் கோப்பைப் பிறர் திருத்தாதபடி பிடித்து வைக்க இயலும். மாணவர் பாட்டை இசைத்துக்கொண்டே அதே பாட்டுக்குப் பெயர் எழுத முயன்றார்; அது மறுத்ததில் வியப்பில்லை. இசைக்கும் மென்பொருளை மூடுங்கள். அதன் பின்னும் மறுத்தால், கணினியை ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள். மறைவாகப் பிடித்திருக்கும் கைகளும் விட்டுவிடும்.

அடுத்தது ‘ரீட் ஒன்லி’ என்னும் முத்திரை. ‘படிக்கலாம், எழுதலாகாது’ என்பது அதன் பொருள். பழைய விண்டோஸ் பதிப்புகளில் குறுந்தகட்டிலிருந்து கோப்பை நகலெடுத்தால் அம்முத்திரையும் கூடவே வந்துவிடும். பண்புப் பலகையில் அதற்குரிய கட்டத்தில் உள்ள குறியை நீக்கினால் போதும். இங்கு ஒரு மயக்கம் பலருக்கும் நேர்கிறது. கோப்புறையின் பண்புப் பலகையைத் திறந்தால் அக்கட்டம் எப்பொழுதும் நிரப்பப்பட்டே தோன்றும். நீக்கினாலும் மீண்டும் வந்து நிற்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டா. அது உள்ளே இருக்கும் கோப்புகளின் நிலையைக் காட்டுவதன்று. கோப்புகளையே தேர்ந்து அவற்றின் பலகையைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது உரிமைச் சிக்கல். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். என்னும் வட்டமைப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர் யார், எழுதும் உரிமை பெற்றவர் யார் என்னும் பட்டியல் உண்டு. அப்பட்டியலில் ஆளின் பெயர் இருப்பதில்லை. அக்கணினி அவருக்கு அளித்த நீண்ட எண்ணே இருக்கும். மாமனின் கணினியிலிருந்து கழற்றிய வட்டை மாணவர் தம் கணினியில் இணைத்தபோது, அவ்வெண் யாருடையது என்பது புதிய கணினிக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் மறைந்தார், பூட்டு அவர் பெயரிலேயே நின்றது! நிருவாகி உரிமையுடன் நுழைந்து உரியவரை மாற்றலாம். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. படிக்கும் உரிமை இருந்தால், கோப்புகளை உங்கள் கோப்புறைக்கு நகலெடுங்கள். நகல், தான் பிறந்த கோப்புறையின் உரிமைகளையே பெறும். நகலெடுக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். ஒரே வட்டுக்குள் இடம் மாற்றினால் பழைய உரிமைகளே உடன் வரும்.

கோப்பு நன்றாயிருந்தும், இருக்கும் இடம் இடந்தராமற் போவதும் உண்டு. நினைவக அட்டையின் ஓரத்தில் ஒரு சிறு தாழ்ப்பாள் இருக்கும். அது பூட்டிய நிலையில் இருந்தால் எதுவும் எழுத இயலாது. விண்டோஸ் முறையில் அமைத்த வட்டை மேக் கணினியில் இணைத்தால், அது படிக்கும். தனித்த மென்பொருள் இன்றி எழுதாது. லினக்ஸ் அமைப்பு, வட்டில் பழுது கண்டால், மேலும் கெடாதிருக்க அதைப் படிப்பதற்கு மட்டும் திறந்து வைப்பதுண்டு. இத்தகைய மறுப்பு உண்மையில் எச்சரிக்கை. அவ்வேளையில் எழுத வற்புறுத்தாமல், உள்ளவற்றை உடனே வேறிடத்திற்கு நகலெடுப்பதே அறிவுடைமை.

விண்டோஸில் மற்றுமொரு காவலன் இருக்கிறான். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் தீய நிரல்களைத் தடுக்க, 2017ஆம் ஆண்டில் விண்டோஸ் 10இல் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ என்னும் காப்பு வந்தது. அதனை இயக்கி வைத்தால், ‘மியூசிக்’ முதலிய கோப்புறைகளில் தனக்கு அறிமுகம் இல்லாத மென்பொருள் எதையும் எழுத விடாது. நல்ல மென்பொருளும் அதன் கண்ணுக்கு அயலாரே. பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, நீங்கள் நம்பும் மென்பொருளின் பெயரை மட்டும் அனுமதிப் பட்டியலிற் சேர்க்க வேண்டும். காவலை அடியோடு நீக்கிவிடலாகாது.

பாதையின் நீளமும் தடையாகலாம். வட்டின் எழுத்திலிருந்து கோப்பின் பெயர் வரை உள்ள முழுப்பாதை 260 எழுத்தெண்ணிக்கைக்குள் இருக்க வேண்டும் என்பது விண்டோஸின் நெடுநாளைய வரம்பு. புதிய பதிப்புகளில் அதனைத் தளர்த்த இயலும்; ஆனால் எல்லா மென்பொருள்களும் அதற்கேற்ப அமையவில்லை. கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நீண்ட பெயர் சூட்டுவோர் இவ்வரம்பில் முட்டிக்கொள்வர். பெயர்களைச் சுருக்கினால் தீர்ந்தது.

கட்டணம் பெற்று இசை வழங்கும் நிலையங்கள் சிலவற்றில், பின்னர்க் கேட்பதற்கென இறக்கி வைக்கும் பாட்டுகள் மறைகுறியாக மாற்றப்பட்டிருக்கும். அவற்றில் நாம் பெயர் எழுத முயல்வது வீண். அவை கேட்பதற்கென்று இரவலாக வந்தவையே.

மூன்றாம் நோய், ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிப் பழைய பெயரையே காட்டுவது. தலையில் ஒரு சீட்டு, வாலில் ஒரு சீட்டு என்று முன்னே சொன்னேன். இவையன்றி ‘ஏப்’ என்னும் மூன்றாம் வகைச் சீட்டும் சில கோப்புகளில் உண்டு. எழுதும் மென்பொருள் தலைச்சீட்டைத் திருத்துகிறது. இசைக்கும் மென்பொருள் வேறு சீட்டைப் படிக்கிறது. இருவரும் பொய் சொல்லவில்லை. வெவ்வேறு ஏடுகளைப் பார்க்கிறார்கள். நீண்ட பெயர் சரியாக முப்பதாம் எழுத்தில் வெட்டுண்டு தோன்றினால், நீங்கள் காண்பது வாற்சீட்டு என்று துணியலாம். எல்லாச் சீட்டுகளிலும் உள்ள செய்திகளை முதலிற் குறித்துக்கொண்டு, பின்னர்த் தலைச்சீட்டு ஒன்றை மட்டும் வைத்து மற்றவற்றை நீக்கிவிட்டால் குழப்பம் தீரும்.

இசைக்கும் மென்பொருளின் ஞாபகமும் ஒரு காரணம். ஒவ்வொரு முறையும் கோப்பைத் திறந்து பாராமல், முன்னர்ப் படித்த பெயர்களைத் தன் பட்டியலில் எழுதி வைத்துக்கொண்டு அதையே அது காட்டும். மீண்டும் கோப்புகளை ஆராய்ந்து பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்ல வேண்டும். இதற்கு நேர்மாறாக, சில மென்பொருள்கள் நாம் எழுதியதைத் தம் பட்டியலில் மட்டும் வைத்துக்கொண்டு கோப்பில் எழுதாமல் விடுவதும் உண்டு. அக்கோப்பை வேறு கணினிக்குக் கொண்டு சென்றால் உழைப்பெல்லாம் மறைந்து போகும். கோப்பின் பெயர் வேறு, சீட்டில் உள்ள பாட்டின் பெயர் வேறு என்பதையும் மறவாதீர்கள். ஒன்றை மாற்றினால் மற்றொன்று மாறாது.

சீட்டே பழுதுற்றிருப்பதும் உண்டு. இதில் மாணவர்கள் அறியத்தக்க நுட்பம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியின் தலைப்பிலும் அதன் அளவு எழுதப்பட்டிருக்கும். 2.3 பதிப்பில் அது வழக்கமான எண், 2.4 பதிப்பில் ஒரு பைட்டுக்கு ஏழு பிட்டுகளை மட்டும் கொண்டு எழுதும் எண். 127 வரை இரு முறைகளும் ஒரே வடிவம் தரும். 128 முதல் வேறுபடும். முறையை மாற்றி எழுதிய மென்பொருள்கள் சில இருந்தன. சிறு பெயர்களில் அப்பிழை வெளிப்படாது. அட்டைப் படம் போன்ற பெரிய பெட்டிகளிலேதான் வெளிப்படும். ஆதலால் படம் உள்ள கோப்புகள் மட்டும் முரண்டு பிடித்தால் இப்பிழையை ஐயுறலாம். சீட்டை முழுவதும் நீக்கிப் புதிதாக எழுதுவதே மருந்து. சீட்டை நீக்குவதால் இசை சிறிதும் குறையாது.

நான்காம் நோய் நம் மொழிக்கு நேர்வது. 2.3 பதிப்பில் ஒவ்வொரு எழுத்துப் பெட்டியும், தான் எந்த எழுத்துமுறையில் அமைந்தது என்று முதற் பைட்டில் கூறும். சுழியம் என்றால் மேற்கு ஐரோப்பிய எழுத்துகள். அதில் தமிழுக்கு இடமில்லை. ஒன்று என்றால் யூ.டி.எஃப். 16 என்னும் ஒருங்குறி முறை. அதில் தமிழ் எழுதலாம். 2.4 பதிப்பு யூ.டி.எஃப். 8 முறையையும் சேர்த்தது. வாற்சீட்டின் குறுமையை இங்கே கணக்கிட்டுப் பார்க்கலாம். யூ.டி.எஃப். 8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும். ‘நடவுப் பாட்டு’ என்னும் தொடரில், புள்ளியையும் துணைக்குறிகளையும் தனித்தனியே எண்ணினால் 12 குறியீடுகள், அவற்றுக்கு 36 பைட்டு, இடைவெளிக்கு 1, ஆக 37. முப்பது பைட்டுக் கட்டத்தில் இச்சிறு தொடரும் அடங்கவில்லை!

எழுத்துக் கெட்டிருப்பதைக் கண்டால் அஞ்சுமுன் அது எவ்வகைக் கேடு என்று பாருங்கள். வெறுங்கட்டங்கள் தோன்றினால் எழுத்துரு இல்லை என்று மட்டுமே பொருள். செய்தி நலமாக உள்ளது. ஐரோப்பிய எழுத்துகள் மேலும் கீழும் குறிகளுடன் கிறுக்கலாகத் தோன்றினால், பைட்டுகள் அப்படியே இருக்கின்றன. படிக்கும் முறைதான் தவறு. ஒருங்குறி பரவுமுன் டிஸ்கி, டாம், டாப் என்னும் எழுத்துமுறைகளில் எழுதிய பழஞ்சீட்டுகள் இவ்வாறு தோன்றும்; எழுத்துமாற்றி கொண்டு அவற்றை மீட்கலாம். ஆனால் கேள்விக்குறிகளாகவே சேமிக்கப்பட்டிருந்தால் செய்தி அழிந்தே போயிற்று. தன் எழுத்துமுறையில் இல்லாத எழுத்துக்கு மாற்றாகக் கணினி கேள்விக்குறியை எழுதிவிட்டது. எந்த எழுத்து இருந்தது என்பதற்கு அடையாளமே இல்லை. ஆகவே தமிழில் எழுதுவோர் சீட்டின் அமைப்பில் 2.3 பதிப்பையும் யூ.டி.எஃப். 16 முறையையும் தேர்ந்து வைப்பது பாதுகாப்பானது. பழைய கருவிகளும் அதனைப் படிக்கும்.

இத்தனை காரணங்களுள் எது நம் கோப்பைப் பற்றியது என்று அறிவது எவ்வாறு? ஒவ்வொன்றாக முயன்று காலத்தைப் போக்க வேண்டா. அறிவியற் கூடத்தில் நீங்கள் செய்யும் சோதனையையே இங்கும் செய்யலாம். நோயுற்ற கோப்பின் நகலை, நலமான இடத்தில், அதாவது உங்கள் கணினியின் உள்வட்டில் குறும்பெயருள்ள புதிய கோப்புறையில் வைத்து எழுதிப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் குற்றம் பழைய இடத்தினுடையது, அல்லது பழைய உரிமையினுடையது. அங்கும் மறுத்தால், நலமான வேறொரு கோப்பை அதே இடத்தில் வைத்து அதே மென்பொருளால் எழுதிப் பாருங்கள். அது ஏற்றால் குற்றம் நோயுற்ற கோப்பினுடையது; அதுவும் மறுத்தால் குற்றம் மென்பொருளினுடையது, அல்லது காவலனுடையது. இரண்டே சோதனைகளில் எல்லை குறுகிவிடுகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நான்கை ஒருங்கே மாற்றினால், நோய் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று அறிய மாட்டீர்கள்.

மாணவரின் கோப்புகளுக்கு இம்முறையே கைகொடுத்தது. பெரும்பாலானவை, நகலெடுத்து வேறிடத்தில் வைத்தவுடன் பணிந்தன. சில வேவ் கோப்புகளை ஃபிளாக் ஆக்கினேன். சிலவற்றில் இரட்டைச் சீட்டை ஒன்றாக்கினேன். கேள்விக்குறியான ஐந்து பெயர்களை மட்டும் கணினியிலிருந்து மீட்க இயலவில்லை. ஆனால் பத்து நாள் கழித்து மாணவர் குறிப்பேட்டுடன் வந்தார். அதில் அந்த ஐந்தும் இருந்தன. ஐம்பத்தொன்பது பாட்டுகளுக்குப் பெயரும் பாடியவரும் எழுதப்பட்டிருந்தன. மூன்று பாட்டுகளுக்கு நேரே, ‘அம்மாயிக்கு நினைவில்லை’ என்று எழுதியிருந்தார்.

“இம்மூன்றுக்கும் பொருத்தமாக ஏதேனும் பெயர் போட்டுவிடலாமா, ஐயா?” என்று கேட்டார்.

“வேண்டா” என்றேன். “வெற்றிடம் இருந்தால் என்றேனும் அறிந்தவர் ஒருவர் வந்து நிரப்புவார். தவறான பெயர் எழுதிவிட்டால், நகல்தோறும் அதுவே பரவும். யாரும் ஐயுறவும் மாட்டார்.”

அம்மூன்று கோப்புகளிலும் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு, குறிப்புரையில் பதிந்தவர் பெயரையும் ஊரையும் மட்டும் எழுதினோம்.

நண்பர்களே, உங்கள் வீடுகளிலும் பெயரற்ற ஒலிப்பதிவுகள் இருக்கக் கூடும். தாத்தாவின் குரலாக இருக்கலாம். பள்ளி ஆசிரியர் பாடிய பாட்டாக இருக்கலாம். அக்குரல் யாருடையது என்று இன்று உங்களுக்குத் தெரியும். நாற்பது ஆண்டுகள் கழித்துக் கேட்பவருக்குத் தெரியாது. கோப்பு எழுத மறுத்தால் இன்று சொன்ன வழிகளைக் கையாளுங்கள். அவற்றுள் ஒன்று உதவும். ஆனால் அறிந்தவர் அருகில் இருக்கும்போதே கேட்டு, முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கணினியை நாளை செப்பஞ் செய்யலாம்.